மூன்று கவளம்

மலேசியத் தோட்டத்திலிருந்து மலேரியாவோடு நான் ஊர் திரும்பிய வருஷம், நபி பிறந்தநாள் விருந்து. சுவரில்லாத ஆறுதூண் மேடையான எங்கள் பெருகாக்கில், தாம்பாளத்துக்கு நாலு பேராக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் கை கழுவினால் அவரோடு அதே தாம்பாளத்தில் தின்னும் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். அது எங்கள் மரியாதை.

எனக்கோ கொலைப்பசி, மென்று தின்னத்தான் தெம்பில்லை. மற்ற இருவரும் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். மாட்டுக்குப் புல் அறுக்கும் பெரியவர் அமாக் செனா மட்டும் பருக்கை பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அமாக், தாம்பாளத்தையும் தின்னுடுவீங்களா?" என்றார் காத்திருந்தவர்களில் ஒருவர்.

"வாழைத்தண்டுக் குழம்பு விடமாட்டேங்குதப்பா" என்று சிரித்தார். என் வயிறு நிறைந்த பிறகே கை கழுவும் கிண்ணத்தில் கை நனைத்தார்.

இருபத்தாறு வருஷம் கழித்து, என் மகள் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் மத்தாராம் நகரத்திலிருந்து அதே பெருகாக்குக்கு வந்தார்கள். சோறு பரிமாறும்போது அமாக் செனா தெருவில் போனார். வழியே போகிறவரைச் சாப்பிட மேலே அழைக்காமல் இருப்பது எங்களுக்கு வழக்கமில்லை, அழைத்தேன். என் தாம்பாளத்திலேயே உட்கார்ந்தார். வயசாகி அவர் கை நடுங்கும். சோறு மாப்பிள்ளையின் சித்தப்பா மடியில் சிந்தியது. அவர் முகம் சுளித்து நகர்ந்தார். எனக்கு உடம்பே கூசியது.

"அல்ஹம்துலில்லாஹ், போதும்" என்று கிண்ணத்தில் கை விட்டேன். அல்லாஹ்வின் பெயரை அதற்குப் போய்ச் சொன்னேன்.

அமாக் தின்றது மூன்று கவளம். உருட்டிய நாலாவதைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் கழுவினார்.

"என்னங்க, சோறு அப்படியே இருக்கு?" என்றாள் மனைவி.

"வயிறு சரியில்ல" என்றேன்.

அதன்பின் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் அந்த உருண்டைதான் கண்ணில் நின்றது. பதினோராம் நாள் சோறும் வாழைத்தண்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு போனேன். மாட்டுக்கொட்டிலை ஒட்டிய நாலுதூண் பெருகாக்கில் காய்ச்சலோடு படுத்திருந்தார்.

"அமாக், அன்னிக்கு என் வயிறு நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்ப்பா. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், சிரித்தபடி.

நான் சோற்றுப் பொதியைக் கீழே வைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "இலையை விரி, பசிக்குது" என்றார். இருவரும் ஒரே இலையில் கை வைத்தோம். ஒரு வாய்க்கு மேல் அவரால் விழுங்க முடியவில்லை. ஆனாலும் அந்த நடுங்கும் விரல்கள் இலையை விட்டு விலகவில்லை. நான் தின்று முடிக்கத்தான் காத்திருக்கிறார் என்று புரிந்தது. எழவும் முடியாது, அவருக்காகத் தின்று முடித்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் அந்த நாலுதூண் பெருகாக்கில்தான் அவர் உடலைக் கிடத்தினார்கள். அந்த இலையில் தின்று முடித்து, கை கழுவ நான் கிண்ணத்தை இழுத்தபோது அவர் கேட்டிருந்தார்:

"வயிறு நிறைஞ்சுதாப்பா? அப்ப நான் கையை எடுத்துக்கட்டுமா?"