தெரியுதா? இப்போ தெரியுதா?

"தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்பதற்குப் பெயர்தான் கண் பரிசோதனை. எழுபதுகளில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு கண் டாக்டரிடம் நான் பார்த்த வேலை அது. எந்தக் கண்ணாடியில் நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல முடியாமல் நாற்காலியில் திருதிருவென்று விழித்திருப்பீர்களே, எதிரே நின்ற நானும் அப்படித்தான் விழித்தேன்.

தூரத்துச் சோதனை

சேரப்பணஞ்சேரி பள்ளிக்கூடத்தில் முகாம். படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஓர் அட்டை உண்டு. மூன்று பல் சீப்பு மாதிரி ஒரே எழுத்து நாலு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும். பல் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

ஏர் ஓட்டும் கோவிந்தசாமி, "தெக்கால... வடக்கால... வானத்தாண்ட..." என்று கடகடவென்று சொன்னார். ஊருக்குப் புதியவனான எனக்கு அந்த அறையில் தெற்கு எது என்றே தெரியவில்லை. வாசலுக்கு ஓடிச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் பின்னால் நின்றவரிடம் திரும்பினார்: "தெசையே தெரியல, இவரு நம்ம கண்ணப் பாக்க வந்துகிறாரு!"

கிட்டத்துச் சோதனை

ஆரோக்கியமேரி அம்மா படிக்கிற அட்டையைத் தள்ளிவிட்டார். அரிசியில் கல் தெரிந்தால் போதுமாம். சோற்றில் கல் என்று வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகத் தட்டைத் தள்ளுகிறார். வேண்டுமென்றே வம்பிழுக்கிறார் என்று இவர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பக்கத்துக் கடையில் ஒரு பிடி அரிசி வாங்கித் தட்டில் பரப்பி, கண்ணாடியை மாட்டிவிட்டேன். குனிந்தவர் நிமிரவே இல்லை. ஏழு கல் பொறுக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என் கையிலேயே வைத்தார். "வேணாம் சார். இத்த மாட்டினா அந்த மனுசன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

சொட்டு மருந்து

கண்ணுக்குள் ஆழமாகப் பார்க்க டாக்டர் சொட்டு மருந்து விடச் சொல்வார். கண்மணி பெரிதாக விரியும். சாயங்காலம் வரை கண் கூசும், எதுவும் தெளிவாகத் தெரியாது. கம்பெனித் தொழிலாளி முருகேசனுக்கு விட்டேன். விட்ட பிறகுதான் சொன்னான், அன்றைக்கே குன்றத்தூரில் பெண் பார்க்கப் போகிறானாம்! போனான். முகம் சரியாகத் தெரியாமலே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆறு மாதம் கழித்து மனைவியோடு வந்தபோது, அவன் ஏமாந்திருப்பானோ என்று நினைத்து வருத்தம் தெரிவித்தேன். அவள் குறுக்கே புகுந்தாள்: "நான் இன்னா சொல்றது சார்? கண்ணு கருகருன்னு பெருசா கீதேன்னுதான் தலையாட்னேன். தாலி கட்றப்ப பாத்தா சின்னதாப் பூட்ச்சி!"

நிறச் சோதனை

கம்பெனி வேலைக்கு இது கட்டாயம். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அப்பாவோடு வந்த ஏகாம்பரம் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும், "வெறும் புள்ளிதான் சார்" என்றான். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், பிறவியிலேயே அப்படி, அதனால் ஒயர் இணைக்கும் வேலை கிடைக்காது என்று டாக்டர் சொன்னார்.

அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பழுத்த மிளகாயோடு பச்சையையும் சேர்த்துப் பறிக்கிறான் என்று சின்ன வயதில் அவனைத் தோட்டத்தில் வைத்து அடித்தவர் அவர். வேறு பிரிவில் சேர்க்கலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பாக்கிங்கில் வேலை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அப்பா எழுந்திருக்கவே இல்லை. ஏகாம்பரம்தான் கைகொடுத்துத் தூக்கினான்: "வுடுப்பா. நீ அடிச்ச எடம் செவந்தது கூட எனக்குத் தெரியல."

இத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டதில் எனக்கு நன்றி சொன்னவர்களைவிட என்னை முறைத்தவர்கள்தான் அதிகம், அதுவும் தெளிவாகவே முறைத்தார்கள்.