கவரில் அள்ளிய மண்

உச்சிப்புளியில் நான் ஷேர் ஆட்டோவில் ஏறியபோது அவர் எதிர் இருக்கையில் இருந்தார். அறுபது வயது, கதர் ஜிப்பா, புதுச் செருப்பு, மடியில் துணிப்பை. இரண்டு இடங்களில் ஆட்டோவை நிறுத்தி, ஒரு பிடி மண்ணை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே ஊர்ப்பெயர் எழுதினார். தன்வரலாறு எழுதுகிறாராம்; அதற்காகவாம் இந்த மண்.

"பதினோரு ஊர் மாறியவன்மா நான். எனக்குன்னு ஊரே கிடையாது" என்றார். சென்னையில் மூன்றாம் மாடியில் சொந்த வீடு இருப்பதையும் அவரேதான் சொன்னார்.

கடல் தெரிந்ததும் மறுபடி நிறுத்தச் சொன்னார்.

"சார், இந்த அக்கா அஞ்சு மணிக்குள்ள அகதி முகாமுல கையெழுத்துப் போடணும். உங்க மண்ணு எங்கிட்டும் போயிராது" என்றார் டிரைவர், என் பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டி.

"ரெண்டே நிமிஷம்ப்பா" என்று இறங்கிப் போனவர் பத்து நிமிடம் கழித்து வந்தார்.

அந்த இலங்கைப் பெண் அவரிடம் கேட்டார்: "ஊர் இல்லையெண்டு சொன்னீங்களே ஐயா, அப்ப நீங்கள் எங்க போய்க் கையெழுத்து வைக்கிறனீங்கள்?"

கேலியே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அடடா!" என்றவர் அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டார்.

முகாம் வாசலில் மணி ஐந்தாகி ஏழு நிமிடம். அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். ஜிப்பாக்காரர் நோட்டிலிருந்து நிமிரவில்லை. இந்நேரம் அவர் புத்தகம் வந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கடலைப் பார்த்தபடி தானே தன்னிடம் கேட்டதாகத்தான் எழுதியிருப்பார்.