அரை மணித்தியாலம் பேசிய வக்கீல்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் வக்கீலாகப் பதிவு கிடைத்தது. கொழும்பில் படித்த சட்டத்தை இங்கே மறுபடி படித்து, பரீட்சை எழுதி, புதுக் கோட்டும் தைத்து வைத்திருந்தேன். அந்தக் கோட்டை முதன்முதல் போட்டுக்கொண்டு போனது ஒரு பேக்கரிப் பாண் வான் சாரதிக்காக. எங்கள் ஊர்க்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், ஆங்கிலம் வராது. வானை வேகமாக ஓடிப் பலமுறை பிடிபட்டிருந்தார். லைசன்ஸ் போனால் வேலையும் போய்விடும். கொஞ்சம் இரக்கம் காட்டும்படி நீதவானைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

வழக்கைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்தோம். கிளார்க் என்னைப் பார்த்தார், என் நிறத்தைப் பார்த்தார், சாரதிக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். ஒரு அட்டையைக் கையில் தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சொல்வதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்து முடித்த பிறகுதான் என்னை மொழிபெயர்க்க வந்தவனாக நினைத்துவிட்டார்கள் என்று உறைத்தது.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். கொழும்புக் கோர்ட்டுப் பழக்கம் விடவில்லை. அங்கே நீதவான் முன்னால் குறுக்கே பேசினால் கட்சிக்காரனுக்குத்தான் கேடு. நல்ல சாட்டு! உண்மையில் பயம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையுமில்லை.

நீதவான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

"அண்ணை, உங்களுக்கு வக்கீல் இருக்கோ எண்டு கேக்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் என்ன சொல்ல, தம்பி?" என்று மெல்லக் கேட்டார். நான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். சீ, அந்த முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"இல்லையெண்டு சொல்லுங்கோ," என்று அவரே சொன்னார்.

சொன்னேன். லைசன்ஸைப் பறித்துவிட்டார்கள்.

வெளியே வந்து கார்த் திறப்பை என்னிடம் நீட்டி, "உங்களுக்குக் கார் ஓடத் தெரியும்தானே?" என்றார். நோபல் பார்க்கில் அவர் வீடு வரைக்கும் நான்தான் ஓடினேன். அவர் திரும்ப வேண்டிய இடங்களை மட்டும் காட்டிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வாசலில் அவர் மனைவி நின்றார். "என்னவாம்?"

"லைசன்ஸ் போட்டுது. தம்பியில பிழையில்லை. எழும்பி நிண்டு அரை மணித்தியாலம் கதைச்சவர். நீதவான்தான் கல்லுமனசுக்காரன்."

"உங்களைக் கும்பிட வேணும், தம்பி," என்று சொல்லி அந்த மனுசி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் குடித்தேன்.

அந்த வாரமே, அவர் மனைவிக்குச் சொன்னதைக் கதையாக எழுதி யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். வெள்ளைக்கார நீதவான் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி அரை மணித்தியாலம் வாதாடும் தமிழ் வக்கீல். போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ எழுதிவிட்டேன். ஆனாலும் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் அந்தக் கதையைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வக்கீல் நீங்கள்தானே என்று கேட்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறேன்.