குடைக்கம்பிக் கொக்கி

அருமைநாயகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஆராதனை, அது முடிந்த கையோடு ஆக்ரிக்கடை. பழைய இரும்பும் தகரமும் வாங்கி விற்கிற கடைக்குத் திருவனந்தபுரத்தில் அதுதான் பெயர். சாலைக் கடைத்தெருவில் அவர் குனிந்து கிளறாத குவியல் கிடையாது. "ஆமென் சொல்லதுக்கு முன்னமே இவியளுக்கு ஒரு காலு செருப்பில இருக்கும்" என்று மனைவி ஞானபாய் சபைப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் தேடியது தகர ரயில். சாவி கொடுத்தால் ஓடும் விளையாட்டு இன்ஜின், அதன் பெட்டிகள், கைகாட்டி, ஸ்டேஷன், லெவல் கிராஸிங் கேட்டு, எது கிடைத்தாலும் சரி. வாங்கிவந்து துரு நீக்கி, நெளிவெடுத்து, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டு, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். பாறசாலைப் பக்கத்துக்காரர், சர்க்கார் ஆபீஸில் கிளார்க். சின்ன வயதில் இப்படி ஒரு பொம்மையைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. பிறகு ஏன் இந்தக் கிறுக்கு? ஒருநாள் மழைக்கு ஆக்ரிக்கடையில் ஒதுங்கி நின்றபோது காலடியில் ஒரு தகரப்பெட்டி கிடந்தது. அதன் ஜன்னலில் தொப்பிக்காரன் ஒருவன் அச்சாகியிருந்தான். இவன் எங்கே போய்க்கொண்டிருந்தான், இவனை இங்கே கொண்டுவந்து இறக்கியது யார் என்று யோசிக்க ஆரம்பித்தார். மழை விட்டும் அந்த யோசனை விடவில்லை.

1993-ல் கிடைத்தது கறுப்பு இன்ஜின். சாவித் துவாரம் இருந்தது, சாவி இல்லை. ஆனால் அவரைப் படாதபாடு படுத்தியது அதன் பின்னால் இருந்த கொக்கி. கம்பெனிக் கொக்கிக்குப் பதிலாக யாரோ குடைக்கம்பியை வெட்டி வளைத்து மாட்டியிருந்தார்கள். குடைத்துணியைத் தைப்பதற்காகக் கம்பியின் நுனியில் சின்ன ஓட்டை இருக்குமே, அதிலேயே ஆணியை இறக்கியிருந்தார் அந்த மனிதர். புதிதாக ஓட்டை போடும் வேலையே வைக்கவில்லை. அருமைநாயகம் சாவி செய்தார், இன்ஜினை ஓடவும் வைத்தார், கொக்கியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. யாரப்பா நீ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்கு முன்னால் கொக்கி வந்துவிடும்.

1998 நவராத்திரிக்கு, ஆபீஸில் அவருடைய செக்‌ஷன் சூப்ரண்டு ஜெயலக்ஷ்மி எல்லாரையும் கொலுவுக்கு அழைத்தார். வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. கொலுவுக்குப் போவது பெண்கள் காரியம், ஆண்கள் பின்னாலேயே போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வருவார்கள். ஞானபாய் படிப்படியாக நின்ற சாமிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அருமைநாயகம் படிகளைப் பார்க்கவே இல்லை. கீழே தரையில் மணல் பரப்பி, கடுகு முளைக்க வைத்து, பார்க் கட்டியிருந்தார்கள். பார்க்கைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம், அதன்மேல் எனாமல் பெயின்ட் தடித்துப்போன மூன்று தகரப்பெட்டிகள். இன்ஜின் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு களிமண் யானை நின்றது.

"யானையாக்கும் இழுக்குது?" என்றாள் ஞானபாய்.

ஜெயலக்ஷ்மி சிரித்தார். "இன்ஜின் காணாமப் போயிடுத்து. ஆத்தைப் பழுது பாத்தப்போ ஆக்ரிக்காரன் அள்ளிண்டு போன சாமானோட போயிருக்கும். பெட்டியெல்லாம் கொலு டிரங்குல இருந்ததோ, தப்பிச்சுடுத்து. எங்க சித்தப்பா மலேயாலேருந்து கொண்டுவந்ததாக்கும். ரெண்டு அண்ணாவுக்கு ரெண்டு பெட்டி, எனக்குக் கடைசிப் பெட்டி."

அருமைநாயகம் முட்டிபோட்டுக் குனிந்தார். கடைசிப் பெட்டியின் முன்கொக்கி குடைக்கம்பி. நுனியில் ஓட்டை, ஓட்டையில் ஆணி.

அங்கேயே சொல்லியிருக்கலாம். உங்கள் இன்ஜின் என் அலமாரியில் இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் திரும்பி வராது. கொலுவில் வைத்த பொம்மையை விற்பதும் இல்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை என்று அந்த அம்மாள் அப்போதுதான் இன்னொருத்தியிடம் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அருமைநாயகம் ஒரு கை சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? நவராத்திரி முடிந்ததும் ஆபீஸில் மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், அந்தப் பெட்டியளுக்க பெயின்ட எளக்கித் தரட்டா? அடியில நல்ல அச்சு இருக்கும்."

"பேஷா பண்ணுங்கோ. பெட்டி பத்திரமாத் திரும்பி வந்தாப் போறும்" என்று ஜெயலக்ஷ்மி பழைய வேஷ்டித்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கொலு வந்தால் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது அந்த வீட்டு வழக்கம். மிஞ்சிய பெயின்டை வீணாக்குவானேன் என்று ரயிலுக்கும் பூசியிருக்கிறார்கள். முருகனின் மயிலுக்குப் போக மிஞ்சியது பச்சை, அதற்கடியில் பிள்ளையாரின் சிவப்பு. தின்னர் பட்டால் அச்சும் சேர்ந்து போய்விடும். ஆகவே அருமைநாயகம் எண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சீவலால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். முதல் பெட்டியில் பொன்நிறக் கோடுகளுக்கு நடுவே பேப்பர் படிக்கிற பெண்ணொருத்தி வெளியே வந்தாள். இரண்டாவதில் ஒரு நாய் ஜன்னலுக்கு வெளியே தலைநீட்டியது. அவருடைய அலமாரியில் இருந்த பெட்டிகளெல்லாம் கடற்காற்றில் அச்சு தேய்ந்து கிடக்க, இவை கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் பளபளத்தன. பழைய பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனிதர், அன்றைக்குப் பிள்ளையாரின் மிச்சத்தை மனதார வாழ்த்தினார்.

மூன்றாவது பெட்டியில் பெயின்ட் போனதும் வெறும் தகரம்தான் வந்தது. ஒரு கோடு இல்லை, ஜன்னலோரம் ஆள் இல்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஏதோ எண்ணெய் டின்னின் மலையாள எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. மூலைகளில் ஈயப் பற்றவைப்பு. கையில் எடுத்தால் மற்ற இரண்டையும்விட நல்ல கனம். கம்பெனி செய்தது இரண்டே பெட்டிதான், இது வீட்டில் உட்கார்ந்து யாரோ செய்தது. அதிலும் ஒரு விசித்திரம். முன்னால்தான் குடைக்கம்பி, பின்னால் இருந்தது அசல் கம்பெனிக் கொக்கி. அது எங்கிருந்து வந்தது?

ஞானபாய்க்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வந்தது ரெண்டு பெட்டி. ஆம்பளப் பிள்ளைய ரெண்டு. பொறவு ஒரு பொம்பளப்பிள்ள பெறந்துது. அப்பன் என்ன செய்வாரு? இருந்து ஒண்ணு உண்டாக்கினாரு." அலமாரியைக் கையால் காட்டினாள். "அந்த மனுசன் வளைச்ச கொக்கியில்லா அங்கயும் கெடக்கு? அந்தப் பிள்ளைக்க சாதனத்த உள்ள பூட்டி வச்சுக்கிட்டு, பெயின்ட் எளக்கித் தாறேன்னு அவிய கிட்டயே போய் நிக்கிதீய. நாணமில்லியா?"

வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது. அலமாரியில் எத்தனையோ இருந்தன, ஆனால் ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் முதலில் தேடுவது அந்தக் கறுப்பு இன்ஜினைத்தான்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு வலியசாலைக்குப் போனார். இன்ஜினை எடுத்து முன்னால் வைத்து, கிடைத்த விதத்தையும், கொலுவன்று சொல்லாமல் விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னார். ஜெயலக்ஷ்மி இன்ஜினைப் பார்த்துச் சின்னப்பெண் மாதிரி கைதட்டினார். பிறகு மூன்றாவது பெட்டியைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்போ என்னோடது மட்டும் டூப்ளிகேட்டா?"

"அய்யோ, அப்பிடி இல்ல மேடம். மத்தது ரெண்டும் கடையில வாங்கினது. ஒங்களுக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான். ஜன்னலுக்குள்ள வெரல விட்டுப் பாருங்க. அத்தன ஓரமும் அரம் போட்டுத் தேச்சிருக்கு, பிள்ளைக்க கை கிழியாம."

ஜெயலக்ஷ்மி விரலை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். "அப்பா சொல்லவே இல்லையே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

டிரங்கைத் திறந்து தண்டவாளத்தை எடுத்துத் தரையில் பூட்டினார்கள். அண்ணாக்களின் பெட்டிகள் முன்னே, ஜெயலக்ஷ்மியுடையது கடைசியில். சாவி கொடுத்துவிட்டதும் ரயில் கிளம்பி, வளைவுக்கு வந்து, நடுவில் இருந்த பெட்டி உள்பக்கமாகக் கவிழ்ந்தது.

"இதேதான்! எப்பவும் இதே எடத்துல கவுந்துடும். இன்ஜின் உதவாதுன்னு அண்ணாதான் மூலைல தூக்கிப் போட்டான்."

அருமைநாயகம் கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்தப் போனவர் அப்படியே நின்றார். கனமான பெட்டி கடைசியில் இழுபட்டால் நடுவில் இருக்கும் லேசான பெட்டி கவிழாமல் என்ன செய்யும்? ஜெயலக்ஷ்மியின் பெட்டியைக் கழற்றி இன்ஜினுக்கு அடுத்தபடியாக வைத்தார். இன்ஜினின் குடைக்கம்பியும் பெட்டியின் குடைக்கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று சொடுக்கென்று விழுந்தன. பின்னால் இருந்த கம்பெனிக் கொக்கியில் அண்ணாவின் பெட்டி அச்சாகப் பொருந்தியது.

அவர் இத்தனை வருஷம் நினைத்திருந்ததுபோல் இன்ஜினின் கம்பெனிக் கொக்கி ஒடியவே இல்லை. அப்பா அதைக் கழற்றி மகளின் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

"மேடம், ஒங்க அப்பா ஒங்களக் கடைசியில வைக்கேல்ல" என்றார் அருமைநாயகம். "இன்ஜினுக்குத் தொட்டுப் பொறத்த இருக்கதுக்காக்கும் இதச் செஞ்சது. அண்ணன்மாரு மாத்திப் போட்டாவ."

சாவி கொடுத்தார். ரயில் வளைவைத் தாண்டி, வட்டத்தைச் சுற்றி, மறுபடியும் சுற்றியது. ஆபீஸில் எல்லாரையும் நடுங்கவைக்கும் சூப்ரண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பிரிங் இறங்க இறங்க, இன்னொருதரம், இன்னொருதரம் என்றார்.

கிளம்பும்போது அருமைநாயகம் சாவியையும் அங்கேயே வைத்தார். அது அந்த வீட்டு இன்ஜின், அதில் பேச என்ன இருக்கிறது? வெறும் பையோடு வீடு வந்தார். அலமாரியில் காலியாக இருந்த இடத்தை ஞானபாய் மற்ற பொம்மைகளை நகர்த்தி மூடப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்றார்.

அடுத்த கொலுவில் யானைக்கு ஓய்வு கிடைத்தது. ரயில் ஒன்பது நாளும் ஓடியது. விஜயதசமி கழிந்து பொம்மைகளை எடுத்துவைத்த மறுநாள், கையில் பையோடு ஜெயலக்ஷ்மி அருமைநாயகத்தின் வீட்டு வாசலில் நின்றார்.

"பொம்மையெல்லாம் பரணுக்குத் தூங்கப் போயாச்சு. ரயிலுக்கு மட்டும் எங்காத்துப் பரண்ல எடமில்லை."

அந்த வீட்டுப் பரணில் ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம் என்பது அருமைநாயகத்துக்குத் தெரியும். இரண்டு கையும் நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார்.

"கொடுக்கலை, கேட்டேளா. வச்சிருக்கச் சொல்றேன். நவராத்திரிக்கு முந்தின நாள் ஆத்துக்கு வந்துடணும்." அலமாரியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார். "அப்புறம் ஒண்ணு. என் பெட்டிதான் முன்னாடி."

அருமைநாயகம் அலமாரியைத் திறந்தார். முதலில் கறுப்பு இன்ஜினை வைத்தார். அதன் பின்னால் வெறும் தகரப்பெட்டியை வைத்துக் கொக்கியை மாட்டினார்.