மாரிக்கு முன்னா, பின்னா?

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு பனையோலைக் கடகம் நிறையச் செங்கிரவல் மண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவால் நடந்து போனேன். கஞ்சி போட்ட சேலை, தோளில் கைப்பை, இடுப்பில் மண். ஒரு பள்ளிக்கூட ரீச்சரை அப்படிப் பார்த்தால் திருகோணமலை சும்மா இருக்குமா?

சந்திக் கடை முஸ்லிம் நானா கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், ஊடு கட்டப் போறீங்களா?"

"பூக்கண்டு வைக்க, நானா."

"இந்த மழைக்கா? அழுகிப் போகுமே!"

"பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

சொன்னது பொய். என் வீட்டில் பூக்கண்டு வைக்க ஒரு சாண் நிலம் கிடையாது. பிறகு எதற்கு மண்? அதைச் சொல்லத்தான் இந்தக் கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தி.

சில மாதங்களாக உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் எழுதிக் கேட்கிறீர்கள். 'அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளோடு போக எந்த மாதம் நல்லது?' நைஜீரியா, சாம்பியா, லண்டன்... இரண்டு வருடத்துக்கு முந்திய இனக் குழப்பத்துக்குப் பிறகு, போகலாமா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்குப் பதில் தெரியும் என்றே நினைத்திருந்தேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் தேவை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்!

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர். பரமநாதன் என்று வைத்துக்கொள்வோம். மனைவி புவனம். பத்து வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். குழப்பத்தின்போது அவர்கள் வீட்டு வாசற்படலையை யாரோ கொளுத்தினார்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, இரவில் நாய் குரைத்தால் மாஸ்டர் எழுந்து பிள்ளைகளுக்குச் செருப்புப் போட்டுவிடுவாராம். நித்திரைப் பாயில் செருப்போடு பிள்ளைகள்!

இந்த ஆடி மாதம் அவருக்கு நைஜீரியாவில் வேலை கிடைத்தது. செப்டம்பரில் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

புவனம் மாட்டேன் என்றாள்.

வெளிநாட்டுக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. செப்டம்பருக்குத்தான் மாட்டேன் என்றாள். தை பிறந்த பிறகு என்றால் சம்மதமாம்.

மாஸ்டர் ஸ்டாஃப் ரூமில் என் முன்னால் வந்து நின்றார். "ரீச்சர், நீங்கள் ஒருக்கா வந்து அவளோடை கதையுங்கோ. நான் கதைச்சுக் களைச்சுப் போனன். உங்கடை சொல்லுக்கு அவள் மதிப்புக் குடுப்பாள்."

மதிப்பு என்ற சொல் போதும், நான் புறப்பட! பாடம் எடுக்கப் போகிறவள் மாதிரி ஆயத்தமாகத்தான் போனேன். அங்கே பள்ளிக்கூட வருடம் செப்டம்பரில் தொடங்குகிறது; பிள்ளைகளுக்கு ஒரு தவணையும் வீணாகாது. மாரி மழைக்கு முன் போனால் கொழும்பு ரயில் ஒழுங்காக ஓடும். வாடைக்காற்றில் பிள்ளைகளுக்கு வருகிற சளியும் காய்ச்சலும் இல்லை. இதைவிட நல்ல மாதம் உண்டா?

புவனம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"ஆடி ஆகாது, ரீச்சர். ஆவணி எங்களுக்குச் சரிவாறேல்லை. புரட்டாசி சனி பிடிச்ச மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி பீடை. தை பிறக்கட்டும்."

"அப்ப உங்கடை பஞ்சாங்கத்திலை மனிசர் பயணம் போக ஒரு மாதம்தான் இருக்கோ, அக்கா?"

"ஓம். ஒண்டுதான்."

"பிள்ளைகள் செருப்போடை நித்திரை கொள்ளுதுகளாம். அதுக்கு உங்கடை பஞ்சாங்கம் என்ன சொல்லுது?"

துருவுகிற கை நின்றது. அவள் என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எழும்பினாள், கையைக் கழுவினாள், மூலையில் கிடந்த கடகத்தை எடுத்தாள்.

"வாங்கோ. அடுப்பு மெழுக மண் எடுக்கப் போவம்."

நண்பகல் வெயில். தெருவில் ஆளில்லை, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்கள் மட்டும் நிழல் தேடி மதிலோரம் படுத்திருந்தன. மண் தோண்டுகிற கிடங்கில் கிரவலை அள்ளினாள். திரும்பி வீட்டுப் பக்கம் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தாள். பனை வடலிகளைத் தாண்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. சுடலை.

எங்கள் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பெற்ற பிள்ளை செத்தாலும் படலையோடு நின்றுவிட வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று ஆண்கள் வந்து சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பையன் இருந்தான். இரண்டு வயது நிரம்பவில்லை. போன வருடம் புரட்டாசியில் காய்ச்சலில் போய்விட்டான். செத்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் குசினியில் கணக்குப் போட்டபோது பிள்ளைகள் இரண்டு என்றுதான் போட்டேன்.

மூலையில் ஒரு வேம்பு. அதன் கீழே இரண்டு முழ நீளத்துக்கு மேடு. தலைமாட்டில் ஒரு முருகைக்கல். மேட்டின் மேல் முள்ளுக் கொப்புகள் பரப்பியிருந்தன.

புவனம் கொப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துவிட்டு மண்ணைக் கொட்டினாள். உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள்.

"இவர் வந்து வேம்புக்குக் கீழை எண்டு சொன்னவர். அவ்வளவுதான். பிறகு மாரி வந்திட்டுது. எனக்கு வீட்டிலை இருக்க ஏலாமல் போச்சு, ரீச்சர். கூரையிலை மழை விழ விழ... ஒரு நாள் இவர் பள்ளிக்கூடம் போனாப் பிறகு கடகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். வந்து பாத்தால் மேட்டைக் காணேல்லை. கடற்கரை மண்தானே. மழை கரைச்சு நிரவிப் போட்டுது. கல்லு மட்டும் சாய்ஞ்சு கிடந்தது. நாய் கால் வைச்ச அடையாளம்..."

மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள்.

"அண்டையிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் வாறனான். கிரவல் போட்டால் கொஞ்சம் பிடிக்கும். மாரி முழுக்கப் போட்டு, தை வெயிலுக்கு இறுகிச்சுதெண்டால் அடுத்த ஐப்பசி மட்டும் அசையாது."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு எனக்குத் தெரியாது. ஒரு மாரியாவது முழுக்கப் பாத்துக் குடுத்திட்டுப் போகலாம் எண்டுதான்."

பஞ்சாங்கத்தை அவள் எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது விளங்கியது. சுடலைக்குப் போகிறேன் என்று எந்தப் பெண் புருசனிடம் சொல்வாள்?

"முள்ளுக் கொப்பு நல்ல வேலை, அக்கா. நாய் கிட்ட வராது."

"அது நான் போட்டதில்லை. ஆரோ ஒரு புண்ணியவான். நான் வரேக்குள்ளை எப்பவும் புதுக் கொப்புக் கிடக்கும்."

நான் அப்போது அதை யோசிக்கவில்லை. வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. "நீங்கள் செப்டம்பரிலை போங்கோ. மாரிக்கு நான் வாறன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. குமர்ப்பிள்ளை நீங்கள்! சுடலைக்கு வந்தால் ஊர் கதைக்கும்."

"நான் சிலேட்டைத் தூக்கின நாளிலையிருந்து ஊர் என்னைப் பற்றிக் கதைச்சுக்கொண்டுதானே இருக்கு? இதையும் சேர்த்துக் கதைக்கட்டும்."

புவனம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தச் சுடு மண்ணில் குந்தி இருந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

ஆவணிக் கடைசியில் புறப்பட்டார்கள். ஸ்டேஷனில் பிள்ளைகள் யன்னல் கரைக்குச் சண்டை பிடித்தார்கள். புவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னமே, "எழுதிறதெண்டால் எழுதுங்கோ ரீச்சர், பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ" என்று சொல்லியிருந்தாள்.

ரயில் வெளிக்கிடுகிற நேரம் மாஸ்டர் இறங்கி வந்தார். என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். பள்ளிக்கூட அலுமாரித் திறப்பு எதையாவது தரப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரீச்சர்... ஒரு உதவி. அவளுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டாள். கடற்கரைச் சுடலையிலை, வேம்புக்குக் கீழை, சின்னவன்..." ரயிலைத் திரும்பிப் பார்த்தார். "உங்கடை தம்பியை ஒருக்கா அனுப்புவீங்களோ? மாரி துவங்க முதல் முள்ளுக் கொப்பு மாத்திப் போடோணும். இலந்தை முள்ளெண்டால் நல்லது. கிளுவை முள்ளு நிண்டு பிடியாது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆரோ ஒரு புண்ணியவான் மண் போட்டு வாறார், ரீச்சர். ஆரெண்டு தெரியேல்லை. கண்டால் நான் கும்பிட்டதெண்டு சொல்லுங்கோ."

விசில் ஊதியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். எதை, யாரிடம், எந்த ரயிலில் வைத்துச் சொல்வது?

ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே பிள்ளைக்காக ஒருத்தருக்கொருத்தர் ஒளித்து ஒரு வருடம். அவள் நண்பகலில்; அவர் எப்போது போனாரோ தெரியாது. அவளால் தாங்க முடியாது என்று அவர் மறைத்தார். பெண் போகக் கூடாத இடம் என்று அவள் மறைத்தாள். நாங்கள் இப்படித்தான் பிள்ளைகளைப் புதைக்கிறோம். ஆண்கள் வாய் திறக்கக் கூடாது, பெண்கள் கால் எடுத்து வைக்கக் கூடாது.

இந்தப் பக்கத்தை வெட்டிக் கப்பல் தபாலில் அவர்களுக்கு அனுப்பப் போகிறேன். போய்ச் சேர எப்படியும் மாரி முடிந்துவிடும். யார் முதலில் பிரிக்கிறார்களோ அவர் வாசித்துவிட்டு மற்றவருக்குக் கொடுக்கட்டும்.

செவ்வாய்க்கிழமைக் கடகம் இந்த மாரியின் முதல் கடகம். கொப்பை மாற்றும்போது இலந்தை முள் குத்தியதில் விரல் இன்னும் வீங்கிப்போய் இருக்கிறது; இதைக்கூடச் சிரமப்பட்டுத்தான் எழுதுகிறேன். தம்பியை அனுப்பவில்லை. நானாவிடம் பொய் சொன்னதுதான் உறுத்துகிறது. அடுத்த முறை கேட்டால் உள்ளதைச் சொல்லப் போகிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளோடு வெளிநாடு போக எந்த மாதம் நல்லது?

எந்த மாதமானாலும் போங்கள். ஆனால் பெட்டியைப் பூட்டுமுன், பிள்ளைகள் எத்தனை பேர் என்று இரண்டு பேரும் ஒன்றாக இருந்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.