சூசையிடம் பில் கேட்டோம்

போன கிழமை என் கணவர் ஒரு வேலை செய்தார். கெட்ட எண்ணம் இல்லை... ஆனால் ஒரு சொந்தமே அறுந்துபோகப் பார்த்தது.

விஷயம் வருமான வரி. மன்னார் டவுனில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதன் திருத்த வேலைச் செலவை வரியில் கழிக்க இரண்டு வழி. ஒன்று, வாடகையில் கால்வாசியை அப்படியே கழிப்பது. பில் தேவையில்லை. மற்றது, உண்மையில் செலவழித்ததை ஒவ்வொன்றாக எழுதி, பில்லோடு காட்டுவது.

இவர் எதைப் பிடிப்பார்? இரண்டாவதைத்தான். உங்கள் வீட்டு ஆண்கள் எப்படியோ! "உப்புக்காத்து திண்ட கம்பி, உதிர்ந்த பூச்சு, ஒழுகின ஓடு... எழுதினா கால்வாசியைத் தாண்டும்" என்றார்.

அந்த வேலையெல்லாம் செய்தவர் வங்காலை ஊர்ச் சூசை. கொத்து வேலை செய்யும் மேசன். அவர் மகள் மெரீனாவுக்கு ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாய். ஆகவே எங்களுக்குள் கூலி பேசும் வழக்கமே இல்லை. கொடுப்பதை எண்ணாமல் சட்டைப் பையில் வைப்பார். நாங்களும் குறைத்துக் கொடுப்பதில்லை.

இவர் போனை எடுத்தார்.

"சூசை, செய்த வேலைக்கெல்லாம் ஒரு பில் எழுதித் தாவன்."

சூசை இழுத்தார். "பில்லோ அண்ணை? சரி, பாப்பம்."

மறுநாள் காலை சூசையின் மனைவி எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, பிள்ளையின்ர முதல் நன்மைச் சட்டையை நாங்களே எடுக்கிறம். நீங்கள் கஷ்டப்படாதேங்கோ."

முதல் நன்மை என்றால் பிள்ளை தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞானத்தாய் நான் இருக்க, சட்டையை வேறு ஆள் எடுப்பதா? இத்தனை காலம் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள் — வேறென்ன?

"கால்வாசி கழிச்சாலே காணும், பில் வேண்டாம். வெளிக்கிடுங்கோ, வங்காலைக்குப் போவம்" என்று இவரிடம் சொன்னேன். இவர் மோட்டார்சைக்கிளை எடுத்தார்.

வங்காலையில் சூசை முற்றத்தில் கதிரை போட்டார். முகத்தில் சிரிப்பில்லை. இவர் வரி அலுவலகம், கழிவு எல்லாவற்றையும் விளக்கினார். "பில் எனக்கில்லை சூசை, வரிக் கந்தோருக்கு. இப்ப அதுவும் வேண்டாம். கால்வாசியையே கழிக்கப் போறன்."

சூசையின் மனைவி உள்ளே போனார். மெரீனாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"அளவை எடுங்கோ அக்கா."

கண் கலங்கிவிட்டது. கழிக்காமல் விட்ட செலவா? போனால் போகட்டும். கழுத்துக்கு லேஸ் வைப்பதா, பூ வைப்பதா என்று நாங்கள் பேசத் தொடங்கிவிட்டோம்.

தேத்தண்ணீர் வந்தது. சூசை மட்டும் இன்னும் யோசனையில்.

"அண்ணை, அப்ப வரிக் கந்தோர்காரர் பில் கேக்காமலே கால்வாசியை விடுறாங்களோ?"

"ஓம்."

"அப்ப அவங்களும் எங்கட சொந்தக்காரர்தான்."