அம்பயரும் அவர் கேரம் பலகையும்

ஆறாம் வகுப்போடு பள்ளியைத் தலைமுழுகியவன் நான். ஆனால் இந்த ஊரில் பாதி வீட்டு இரும்புக் கேட் என் பட்டறையில் பிறந்தது. அப்படிப்பட்ட நான் இன்னொரு ஆளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவர் லேசுப்பட்டவர் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

குழந்தை இல்லாதவர்கள் போகும் ஆஸ்பத்திரியில் அவர் ஆண் நர்ஸ். நாங்கள் வைத்த பெயர் அம்பயர். அந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் அவரை, "என்ன சிஸ்டர், சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்களாம். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன மனிதர். அதனாலோ என்னவோ, கூசிப்போன ஆண்பிள்ளை முகம் அவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கே நாற்காலியெல்லாம் பெண்களுக்கு. புருஷன்மார் மாடிப்படியில் நிற்போம். என் விந்தில் உயிரணுவே இல்லை என்பதை டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடி சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வெறுங்காலோடு தெருவுக்கு வந்துவிட்டேன். அம்பயர் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"செருப்பப் போடுங்கண்ணே. கேரம் ஆடத் தெரியுமா?"

"என்னய்யா, கிண்டலா?"

"இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பழைய ஸ்கேன் ரூமுக்கு வாங்க."

போனேன். என்னைப் போல நாலைந்து பேர் இருந்தார்கள். முகம் பார்த்துப் பேச முடியாததைக் காயைப் பார்த்துப் பேசலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஸ்ட்ரைக்கர் யார் கையில் இருக்கிறதோ அவன் பேசலாம். குறுக்கே வாய் திறந்தால், "ஃபவுல்!" என்பார் அம்பயர். மாமனார் ஏசியது, நண்பன் குத்தலாகக் கேட்டது, எல்லாம் அந்தப் பலகைமேல் வந்து விழுந்தன.

என் மனைவியை என் அக்கா மலடி என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானும் சொன்னேன்.

"அக்காவ அப்புறம் பாத்துக்கலாண்ணே. அண்ணிகிட்ட உண்மையச் சொல்லிட்டீங்களா?" என்றார் அம்பயர், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. தட்டை எடுத்து வைத்து, "எங்கிட்டதான் குறைன்னு நானே நம்பிட்டேங்க" என்றாள். அதற்கு அழுதிருக்கலாம்.

இதில் ஒரு கோணல் இருந்தது. எதற்கு வருகிறோம் என்று வாட்ச்மேனிடம் சொல்ல எவனுக்கும் நாக்கு எழவில்லை. நான் கேட் ரிப்பேர் என்பேன். பேங்க்காரர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்ணீர்க் கேன் போட வந்ததாகச் சொல்வார்.

"வாராவாரம் ரிப்பேராகுதே, அப்படி என்ன கேட்டுய்யா செஞ்சே?" என்று வாட்ச்மேன் சிரித்தான். பிள்ளை இல்லாததைவிட அது எனக்குச் சுட்டது.

அந்தப் பொய்தான் அம்பயர் தலையில் விடிந்தது. வேலைக்கு வந்தவர்களை உட்கார வைத்துக் கேரம் ஆடுகிறார் என்று மேனேஜர் காதுக்குப் போயிற்று. அறையைப் பூட்டப்போவதாகச் சொன்னார்கள். நாங்கள் யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்பயர் தப்பியிருப்பார். இதனால் சிலருக்குப் பலன் உண்டு என்றாரே தவிர, அந்த வார்த்தையைக் கடைசிவரை அவர் வாயிலிருந்து விடவில்லை.

"பலன் கெடைச்சவர்னு ஒருத்தராவது வந்து சொல்லட்டும்" என்றாராம் மேனேஜர்.

எல்லாருக்கும் போன் போட்டேன். வந்தது பேங்க்காரர் மட்டும். அவரும் மேனேஜர் அறைக் கண்ணாடிவரைதான் வந்தார். "ஐயோ, உள்ள எங்க பேங்க் கஸ்டமர் உக்காந்திருக்காருண்ணே" என்று திரும்பிப் போய்விட்டார்.

நான் எவனுக்கும் பயந்தவன் இல்லை. உள்ளே போய், சுத்தியல் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் சொன்னேன்: "எனக்குப் பிள்ளை பொறக்காது சார். குறை எங்கிட்ட. அந்த நர்ஸ் இல்லன்னா இன்னிக்கு எனக்குக் குடும்பமே இல்ல."

மேனேஜர் சிரித்தார். "நீங்க கேட் ரிப்பேருக்கு வர்றவராமே, வாட்ச்மேன் சொன்னாரு. பழகின மனுஷனுக்காகப் பேசறீங்க, சந்தோஷம். ஆனா எந்த ஆம்பள இதை இப்படிக் கத்திச் சொல்லுவான்?"

அறை மருந்துக் கிடங்காயிற்று. அம்பயரை அவர்களுடைய இன்னொரு ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பலகை இப்போது என் பட்டறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து அவர் வருவார்; இரண்டு பேர் ஆடுவோம். பட்டறை தெருவைப் பார்த்திருப்பதால் வேறு எவனும் எட்டிப் பார்ப்பதில்லை.

பேங்க்காரர் மட்டும் ஒரு நாள் வந்தார், கையில் ஒரு கேட் கீலோடு. "சத்தம் போடுதுண்ணே" என்றார்.

நான் செய்த கீல் அது. என் கீல் எந்தக் காலத்திலும் முனகாது. அம்பயர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினார். பேங்க்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தெருவைப் பார்த்தார்.

"அவசரமில்லண்ணே, அப்புறமா வந்து வாங்கிக்கறேன்."

கீல் இன்னும் ஆணியில் தொங்குகிறது.